பதில் தராதவர்களுக்கு

மேடையில் அமர்ந்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, துறைத் தலைவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் அம்மா, அப்பா, உட்கார இடமின்றிச் சுவரோரம் நிற்கும் தோழர்களே, வணக்கம். சுருக்கமாக முடித்துக்கொள் என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். முடிக்க மாட்டேன்.

நாம் இழந்திருப்பது மருந்தியல் இறுதியாண்டு மாணவியை, நம் மாணவர் நலவாழ்வு இதழின் ஆசிரியரை. அவருக்குக் கீழே உதவியாசிரியராக இருந்தவன் நான். எங்களுக்கு அவர் சல்லடை அக்கா. அவரிடம் சலிக்கப்படாமல் ஒரு வரிகூட அச்சுக்குப் போனதில்லை. சேர்ந்த புதிதில் இருமல் பற்றி ஒரு கட்டுரை எழுதி, பெருமையாக நீட்டினேன். நேராகப் பேருந்து நிறுத்தத்துக்கு இழுத்துப் போனார். அங்கே காத்திருந்த சுமைதூக்கும் தொழிலாளி ஒருவருக்கு அதை வாசித்துக் காட்டச் சொன்னார். இரண்டாவது பத்தியில் அந்த மனிதர் கொட்டாவி விட்டார். "அந்த இடத்துல ஒரு கோடு போடு, அங்கேயிருந்து திரும்ப எழுது" என்றார் அக்கா. இன்றைக்கும் நாங்கள் அப்படித்தான் எழுதுகிறோம். கொட்டாவி வரவைக்காத கட்டுரைதான் அச்சேறும்.

அந்தக் கறார் ஆசிரியரைக் கொன்றது எது? எடை குறைக்கும் தூள்! பள்ளி நாட்களில் உடம்பைக் கேலி செய்தார்களே என்று, தையல் வேலை செய்யும் அம்மா வாங்கிக் கொடுத்தார். அம்மா, தலையை நிமிர்த்துங்கள். அந்த டப்பாவின் மேல் 'பல்கலைக்கழகச் சோதனையில் பாதுகாப்பானது' என்று அச்சிட்டிருந்தது. அந்தச் சான்றைக் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகம்? நாம் இப்போது கூடியிருக்கும் இதே பல்கலைக்கழகம்! நமது புதிய ஆய்வுக்கூடத்தைக் கட்டிக் கொடுத்தது யார்? அதே தூள் கம்பெனி! சிறுநீரகம் இரண்டும் கெட்ட பிறகுதான் அக்கா இந்த முடிச்சை அவிழ்த்தார். அதே தூளைத் தின்று, தான் சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கு வந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார். அவர்களுடைய பரிசோதனை முடிவுகளை மருத்துவர்களிடம் காட்டிச் சரிபார்த்தார். எழுதி முடித்தார். பேருந்து நிறுத்தத்தில் நான் வாசித்தேன். ஒருவரும் கொட்டாவி விடவில்லை. ஒரு பெண் கைப்பையைத் திறந்து, தன்னிடமிருந்த டப்பாவைக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

அன்றே அச்சிட்டிருக்கலாம். ஆனால் அக்காவிடம் ஒரு விதி இருந்தது. குற்றம் சாட்டப்படுபவரின் பதில் இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது. வேண்டாம் அக்கா, உஷாராகிவிடுவார்கள் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை.

"அவங்க நியாயமா இல்லைங்கிறதுக்காக நாமளும் அப்படி இருக்கணுமாடா?"

கட்டுரை கம்பெனிக்குப் போனது. பதில் அக்காவுக்கு வரவில்லை. துணைவேந்தர் அறைக்கு வந்தது, என்ன வடிவில் வந்தது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். உடனே ஒரு குழு போட்டார்கள். ஆராய்கிறோம், அதுவரை அச்சிடக் கூடாது என்றார்கள். கட்டுரையில் 'சேதம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'சில சவால்கள்' என்று போடச் சொன்னார்கள். அக்கா மறுத்தார். குழு மறுபடி கூடியது, தேநீர் குடித்தது, கலைந்தது. இழுத்தடிப்பதற்கு இவர்களிடம் காலம் இருந்தது. அக்காவிடம் இல்லை. அது இவர்களுக்குத் தெரியும்! தெரிந்துதான் இழுத்தடித்தார்கள்!

டயாலிசிஸ் படுக்கைக்கு நான் போகும்போதெல்லாம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. வலியைப் பற்றிப் பேசமாட்டார்.

"அச்சுல வந்துடுச்சா?"

இல்லை அக்கா என்று சொல்லிச் சொல்லி என் நாக்கு மரத்துப்போனது. கடைசியாகக் கேட்ட அன்று இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு கேட்கவில்லை.

இன்று அவர் படத்துக்குப் பூ வைத்துவிட்டு, 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று பேசிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடலாம் என்று பார்க்கிறீர்களா? விடமாட்டோம். எனக்கு இன்று அழுகை வரவில்லை ஐயா, வயிறு எரிகிறது. அந்தத் தூள் கடைகளில் இருக்கும்வரை ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று அக்காவின் கட்டுரையை வாசிப்போம். அந்தச் சான்றில் கையெழுத்திட்ட ஒவ்வொருவர் பெயரையும் சேர்த்து வாசிப்போம். எங்களைப் பல்கலைக்கழகத்தை விட்டு நீக்குங்கள், எங்களுக்கு வாசிக்க இன்னும் நேரம் கிடைக்கும்.

இன்று மாலை இதழ் அச்சுக்குப் போகிறது. உங்கள் அச்சகத்துக்கு இல்லை, வெளியே. எங்கள் சொந்தப் பொறுப்பில், எங்கள் சொந்தப் பெயர்களில். 'சேதம்' என்ற சொல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

துணைவேந்தர் அவர்களே, எனக்கு அடுத்துப் பேச வேண்டியவர் நீங்கள். கட்டுரைக்குக் கீழே உங்கள் பதிலுக்கு இடம் விட்டிருக்கிறோம். அக்காவைப் புகழ்ந்தால் அதை அப்படியே போடுவோம். எங்களைத் திட்டினால் அதையும் போடுவோம். பேசாமல் எழுந்து போனால், எழுந்து போனார் என்று போடுவோம். சுவரோரம் நிற்பவர்கள் எல்லோரும் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

வாருங்கள் ஐயா, பேசுங்கள்.