வெளிச்சத்துக்கு நிக்கறவங்க

ஐயோ பாஸ்டர் ஐயா, அந்த பைபிள மூடிராதீங்க! ஒரே நிமிஷம். நாங்க யாரும் குடிச்சிட்டு வரல, சத்தியமா. வழியெல்லாம் ஆரஞ்சு ஜூஸ்தான். கல்யாணப் பொண்ணும் மாப்பிள்ளையும் மேடைய விட்டு ஆளுக்கொரு பக்கமா எறங்கி நடந்தா யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஆனா நீங்களும் எல்லாரும் தயாரான்னு அவ்வளவு சத்தமா கேட்டிருக்கக் கூடாதுங்க.

இல்லல்ல, உங்களக் குத்தம் சொல்லல. எங்க பொழப்பு அப்படி. நடிகையா? நானா? நல்லா கேட்டீங்க போங்க. நான் நடிகைக்குப் பதிலா நிக்கறவ. ஒரு காட்சிக்கு லைட் வெக்க மூணு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் அந்த அம்மாவ நிக்க வெச்சா மூஞ்சி உருகி வழிஞ்சிரும்ல? அதனால அதே ஒசரத்துல, அதே முடி நெறத்துல ஒருத்திய நிக்க வெப்பாங்க. அது நான், ஓபல். ஹீரோவுக்குப் பதிலா நம்ம மாப்பிள்ளை கிளைடு நிப்பான். எல்லாம் சரியானதும் ஒருத்தர் வந்து, எல்லாரும் தயாரான்னு கத்துவாரு. உடனே நாங்க எடத்த விட்டுடணும். அவங்க வந்து ஒரு முத்தத்தக் குடுத்துட்டு கார் ஏறிடுவாங்க. சமைக்கறது நாங்க, சாப்பிடறது அவங்க.

எட்டு வருசமா இதேதானுங்களே. காதுல விழுந்துச்சு, கால் தானா நடந்துருச்சு. கிளைடுக்கும் அதேதான்.

லவ்வா? அது என்னன்னா ஐயா, இப்ப நாங்க முடிச்ச படத்துல மிட்டாய்க் கம்பெனி முதலாளி பொண்ணு ஒருத்தி. ஒரு பக்கம் ஏரோப்ளேன் ஓட்டறவன், இன்னொரு பக்கம் பல் டாக்டர். யாரக் கட்டுவா? ஏரோப்ளேன்காரனத்தான். பல் டாக்டரக் கட்டறதுக்கு எவன் டிக்கெட் வாங்குவான்? கடைசி முத்தக் காட்சிக்கு மட்டும் ஆறு நாள் லைட் வெச்சாங்க. ஆறு நாளும் நானும் கிளைடும் கட்டிப்புடிச்ச மேனிக்கு நின்னோம். அவன் என் தோளுக்கு மேல பேப்பர விரிச்சுப் பிடிச்சு குதிரைப் பந்தயம் படிப்பான். மத்தியானம் வெங்காய சாண்ட்விச் தின்னுட்டு வந்து திரும்பவும் கட்டிப்பான். சிரிக்காதீங்க ஐயா, எனக்கு மயக்கமே வரும்.

படம் முடிஞ்ச அன்னிக்கு கிளைடு சொல்றான், ஏ ஓபல், கை பழகிப் போச்சு, பேசாம கல்யாணம் பண்ணிக்கலாமா, புதுசா ஒருத்தியத் தேடறது பெரிய வேலைங்கறான். எனக்கும் முப்பத்தொண்ணு ஆகுது. சரின்னுட்டேன். இந்த யூமா ஊருலன்னா கேள்வி கேக்காம அன்னிக்கே பண்ணி வெப்பாங்கன்னு சொன்னாங்க. கெளம்பி வந்துட்டோம்.

கார் ஓட்டிட்டு வந்தவனா? ஓரின். பல் டாக்டருக்குப் பதிலா நிக்கறவன். சாட்சிக்கு ஆள் வேணுமேன்னு கூட்டிட்டு வந்தோம்.

ஆமாங்க, அவன் மட்டும் நகரல. நீங்களும் கவனிச்சீங்களா? அவனும் பன்னெண்டு வருசமா இதே வேலதான். அந்த வார்த்தையக் கேட்டா முதல்ல நகர வேண்டியவன் அவன்தான். நான் வாசப்படி வரைக்கும் போயிட்டு, அடச்சீ, நம்ம கல்யாணமாச்சேன்னு திரும்புனேன். அவன் மோதிரத்த வெச்சுக்கிட்டு அப்படியே நிக்கறான், என்னையே பாத்துட்டு.

அந்த மூஞ்சி எனக்குத் தெரியும் ஐயா. அந்த ஆறு நாளும் கதவுக்கிட்ட, கையில பூங்கொத்தோட, தோத்துப்போன மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பான். நடிகனாகப் பாக்கறான் போல, பழகிக்கறான்னு நெனச்சேன். ஒரு நாள் கேலி கூடப் பண்ணேன், ஏம்ப்பா, வெளிச்சம் பாக்க நிக்கறவனுக்கு மூஞ்சி எதுக்குன்னு. பூவக் குனிஞ்சு பாத்துக்கிட்டான். இங்க லைட்டும் இல்ல, கேமராவும் இல்ல. உங்க வீட்டம்மா ஆர்கன் வாசிக்கறாங்க, அவ்வளவுதான். மூஞ்சி மட்டும் அதே மூஞ்சி. எவ்வளவு பெரிய மடச்சி நானு!

கிளைடா? அதோ, கார் மேல உக்காந்து கல்யாணக் கேக்கத் தின்னுட்டிருக்கான் பாருங்க. போய்ச் சொல்லிட்டேன், கிளைடு, இந்தக் கல்யாணம் வேணாம்ப்பான்னு. அப்ப கேக் வேஸ்ட்டாயிருமேன்னான். முகத்துல அவ்வளவு நிம்மதி. நல்லவன்தான் ஐயா, பாவம்.

கல்யாண லைசென்ஸ்ல மாப்பிள்ளை பேரு கிளைடுன்னு இருக்குங்கறீங்க. தெரியும். ஆபீஸ் எதிர்த்தாப்புலதானே, அஞ்சு மணி வரைக்கும் இருப்பாங்களாம். ஓடிப் போய் வேற எழுதி வாங்கிட்டு வந்துடலாம்.

ஓரின் என்ன சொன்னானா?

அவன்கிட்ட இன்னும் கேக்கலீங்க. அதுக்குத்தான் இவ்வளவு நேரம் உங்ககிட்ட வழவழன்னு பேசிட்டிருக்கேன். எனக்கு நாக்கு எழும்பல. நீங்க தெனம் பத்துப் பேர்கிட்ட கேக்கற கேள்விதானே ஐயா? அவனக் கூப்பிட்டு, இந்த ஓபலக் கட்டிக்க உனக்குச் சம்மதமான்னு ஒரு தடவ கேட்டுப் பாருங்க. நான் இங்கியே கண்ண மூடிக்கிட்டு நிக்கறேன்.