குளியலறையில் ஊற்றிய தண்ணீர்

என் பெயரைக் காவல் நிலைய எழுத்தர் மேலே உள்ள கட்டத்தில் எழுதிக்கொண்டார். வயது எழுபத்திரண்டு. கணவர் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டாமல் வாசிப்பேன். விலாசம் என்று எழுதியிருப்பது வாடகை வீடு. அதில் நானும் மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தியும் இருக்கிறோம். சீக்கிரம் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வங்கியே கூப்பிட்டு வீட்டுக் கடன் தருகிறேன் என்று சொன்ன முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் என் பேத்திதான். இது வழக்குக்குத் தேவையில்லை என்றார் எழுத்தர். எனக்குத் தேவை என்றதும் எழுதிக்கொண்டார்.

வீடு வாங்குவது எப்படி என்று பேத்தி எனக்கு வரிசையாகச் சொல்லியிருந்தாள். முதலில் வீட்டைப் பார்ப்பது, பிறகு பத்திரத்தை வக்கீலிடம் காட்டுவது, பிறகு முன்பணம், பிறகு கடன், கடைசியில் பதிவு. தரகர், எல்லோரும் சாவிக்காரர் என்று கூப்பிடுகிறவர், அந்த வரிசையை மாற்றினார். வேறு ஆள் மாலையில் முன்பணத்தோடு வருகிறார், பத்திரத்தைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம் என்றார். அதனால் இன்று காலை பேத்தி பணத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டாள். நானும் உடன் போனேன்.

வீடு மூன்றாவது மாடி. தரகர் தன் சாவிக் கொத்தால் கதவைத் திறந்து, கொத்தைக் கதவிலேயே விட்டுவிட்டு, உடன் வந்த ஒருவரை வீட்டுக்காரர் என்று அறிமுகம் செய்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். பேத்தி நேராகச் சமையலறை ஜன்னலுக்குப் போனாள். திரைச்சீலைக்கு அளவெடுக்க அவள் டேப் கொண்டுவந்திருப்பது எனக்கு அங்கேதான் தெரியும்.

எந்த வீடு பார்க்கப் போனாலும் குளியலறையில் தண்ணீர் ஊற்றி, அது வடிகிற குழிக்கு ஓடுகிறதா என்று வாட்டம் பார்ப்பது என் வழக்கம். தேங்கின தண்ணீரைத் தள்ளித் தள்ளியே இடுப்பு விட்டுப்போனவள் நான். அதைப் பார்க்கும்வரை உறையை எடுக்காதே என்று பேத்தியிடம் சொன்னேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. வால்வு எங்கே என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் செருப்பு அலமாரியைத் திறந்து பார்த்தார், அதன் பிறகு பரணைத் திறந்தார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆம்பளைக்கு வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரியவா போகிறது என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு. சமையல் மேடைக்கு அடியில் இருந்த வால்வை நானே திறந்தேன்.

அதன் பிறகு வாளி நிறையத் தண்ணீர் பிடித்தேன்.

"பாட்டிம்மா, ஒரு சொம்பு போதாதா? வீட்டையே குளிப்பாட்டணுமா?" என்றார் சாவிக்காரர்.

"சட்டை வாங்கினாலே பிரிச்சுப் பாக்குறோம். இது வீடுப்பா."

ஊற்றினேன். தண்ணீர் குழிப்பக்கம் போகாமல் கதவுப்பக்கம் திரும்பி, சுவரோரம் ஒரு விரிசலில் இறங்கியது. சரியாகப் பார்க்க வேண்டும் என்று இன்னொரு வாளியும் ஊற்றினேன். அதன் பிறகு கீழ் வீட்டு அம்மா நனைந்த தலையோடும் கையில் கரண்டியோடும் மேலே வந்தார்.

"யாரு நீங்க? பூட்டிக் கிடக்கிற வீட்டுல என்ன குளியல்?"

"வீடு வாங்க வந்திருக்கோம்மா. இவர்தான் வீட்டுக்காரர்."

"யாரு, இவரா? வீட்டுக்காரங்க வெளிநாட்டுல இருக்காங்க. சாவியே என்கிட்டதான் இருக்கு!"

அந்த அம்மா உடனே உண்மையான வீட்டுக்காரருக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். "விக்கிறதா? எங்க வீட்டையா?" என்றது ஒரு பெண் குரல். முன்பு வாடகைக்கு ஆள் பிடிக்க இந்தத் தரகரிடம் சாவி கொடுத்ததாகவும், அவர் அதைத் திருப்பித் தந்துவிட்டதாகவும் சொன்னார். தருவதற்கு முன் இவர் அதே மாதிரி இன்னொரு சாவி செய்துகொண்டிருக்க வேண்டும். அதன் பிறகு சட்டைக்காரர், பத்திரம் வண்டியில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று இறங்கிப் போனார். வரவில்லை. சாவிக்காரரும் தன் செருப்பைத் தேடினார். கீழ் வீட்டு அம்மா வெளியே வந்ததும், நான் பேத்தியின் கையைப் பிடித்து வெளியே இழுத்து, சாவிக்காரர் உள்ளே இருக்கும்போதே கதவைச் சாத்தி, அதில் தொங்கிய சாவியால் பூட்டினேன்.

"பாட்டி, திறந்து விட்டுடு. நம்ம மேலதான் கேஸ் வரும்" என்றாள் பேத்தி.

"வரட்டும். இவனை விட்டா நாளைக்கு இன்னொருத்தி உறையோட வருவா."

அதன் பிறகு கீழ் வீட்டு அம்மா காவல் நிலையத்துக்குப் பேசினார். போலீஸ்காரர்கள் வந்து கதவைத் திறந்து எங்களை இங்கே கூட்டிவந்தார்கள்.

அடைத்துவைத்ததாகத் தரகர் கொடுத்திருக்கும் புகார் உண்மை. பூட்டியது நான். பேத்தி திறக்கச் சொன்னவள். அவளுக்கு இதில் பங்கில்லை. அவள் வேலைக்கு இதனால் ஒரு குறையும் வரக் கூடாது. இந்த வரியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன்.

உறை பிரிக்காமல் பேத்தியின் பையில் இருக்கிறது. அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருக்கிறாள்.

இன்னும் ஒன்று. அந்த வீட்டில் ஊற்றிய தண்ணீரைத் துடைக்காமல் வந்துவிட்டோம். இந்நேரம் கூடத்துக்கு வந்திருக்கும். யாரையாவது அனுப்பித் துடைக்கச் சொல்ல வேண்டும். கதவு நிலை மரம், ஊறினால் கெட்டுவிடும். வாட்டம் சரியில்லையே தவிர, நல்ல வீடு.

இதை நானே ஒருமுறை வாசித்தேன். நடந்தது நடந்தபடி இருக்கிறது. கூட்டிச் சொன்னதும் இல்லை, ஒளித்ததும் இல்லை. எழுத்தர் விரலுக்கு மை நீட்டினார். வேண்டாம் என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

(ஒப்பம்)