நெட்டில் இருக்கிற ரெபேக்கா

நோயல்: உன் பேரை நெட்ல அடிச்சா மொதல்ல இன்னா வருது தெரியுமா?

ரெபேக்கா: தெரியும். நீங்க தெனமும் அடிச்சுப் பாக்கறதும் தெரியும்.

நோயல்: ரெபேக்கா ஹரோல்ட்னு உங்கப்பா பேரோட... பக்கத்துலயே அந்த விநாயக். கட்டின புருசன் பேர் எங்கியும் வரல.

ரெபேக்கா: ரேஷன் கார்டுல வருது.

நோயல்: சிரிக்காத. போன வாரம் டிரெயின்ல கூட வர்ற ஹேமந்த் கேக்கறான், "இன்னா நோயல், உங்க மிசஸ் பேர்ல ஒரு கேஸ் கீதாமே"ன்னு. பெங்களூர் போய்ச் சேர்ற வரைக்கும் அவன் போனை ஆளாளுக்கு எட்டிப் பாக்கறாங்க.

ரெபேக்கா: நீங்க இன்னா சொன்னீங்க?

நோயல்: வேற யாரோன்னேன்.

ரெபேக்கா: நான் வேற யாரோ.

நோயல்: பின்ன? என் பொண்டாட்டி பத்தொம்பது வயசுல ராபர்ட்சன்பேட்டை பையன் கூடப் போய்ட்டா, கடத்திட்டான்னு அவங்கப்பா கேஸ் போட்டாரு, இவ கோர்ட்ல நின்னு...

ரெபேக்கா: நிறுத்திட்டீங்களே. கோர்ட்ல நின்னு இன்னா சொன்னேன்?

நோயல்: அதை என் வாயால வேற சொல்லணுமா.

ரெபேக்கா: மனப்பாடம் தானே.

நோயல்: "யாரும் என்னைக் கடத்தல. எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. என் இஷ்டத்துல தான் வந்தேன்." போதுமா?

ரெபேக்கா: தீர்ப்புல இங்கிலீஷ்ல கீறதை நல்லாத்தான் தமிழ் பண்ணி வெச்சிகினு கீறீங்க.

நோயல்: என்னைப் பிடிச்சிருக்குன்னு நீ எப்ப சொன்ன? பொண்ணு பாக்க வந்தப்ப தலையாட்டுன. சர்ச்சுல பாஸ்டர் கேட்டப்ப ஏதோ முணுமுணுத்த, மொத பெஞ்சுக்குக் கூடக் கேக்கல.

ரெபேக்கா: அவ்ளோ பேர் முன்னாடி கூச்சமா இருந்துச்சு.

நோயல்: ஜட்ஜ் முன்னாடி வரலியே, கூச்சம்.

ரெபேக்கா: அங்க ஒருத்தன் ஜெயிலுக்குப் போறதுக்கு நின்னுகினு இருந்தான். சத்தமா சொல்ல வேண்டி இருந்துச்சு.

நோயல்: பாத்தியா... என்னை "நீங்க". அவன் மட்டும் "அவன்". நெருக்கம் எங்க கீதுன்னு தெரியுது.

ரெபேக்கா: ஐயோ சாமி. இதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன். நாலு மாசம் கூடத் தாங்கல, ஓயாத சண்டை, நானே அப்பா வூட்டுக்குத் திரும்பிட்டேன்னு. எதை மறைச்சேன்?

நோயல்: நீ சொன்னது எனக்கு. இது ஊருக்கே சொல்லுது. வக்கீலைக் கேட்டேன். பழசை எடுக்கச் சொல்லிக் கேக்கறதுக்கு நமக்கு உரிமை கீதாம். நீ ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா அந்தப் பக்கத்தையே எடுக்க வெச்சிடலாம்.

ரெபேக்கா: எனக்கு வேணாம்.

நோயல்: வேணாமா?

ரெபேக்கா: வேணாம்.

நோயல்: அவன் பேர் பக்கத்துல உன் பேர் கெடக்கட்டும்னு ஆசை. நேரா சொல்லேன்.

ரெபேக்கா: அவன் பேரை மட்டும் தனியா அடிச்சுப் பாத்திருக்கீங்களா?

நோயல்: நான் எதுக்கு அவன் பேரை...

ரெபேக்கா: பாத்திருக்கீங்க.

நோயல்: ...பாத்தேன். பேப்பர் நியூஸ். போட்டோவோட. "மாணவி கடத்தல், வாலிபர் கைது."

ரெபேக்கா: அதுல என் பேர் இல்ல. மாணவின்னு தான் போட்டாங்க. கேஸ் நிக்கலன்னு ஆனப்பறம் ஒரு பேப்பர்காரனும் அதைப் போடல. அவன் கடத்தலன்னு நெட்ல சொல்ற ஒரே எடம் அந்தத் தீர்ப்பு. அதை எடுத்துட்டா என் பேர் சுத்தமாயிடும். அவன் காலத்துக்கும் கடத்தல்காரன்.

நோயல்: அந்த நியூஸை எடுக்கச் சொல்லி அவன் கேக்கட்டும்.

ரெபேக்கா: கேட்டானாம். கைது நடந்தது நெஜம் தானே, ஜனங்க தெரிஞ்சிக்கறதுக்குத் தான் நியூஸுன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம்.

நோயல்: உனக்கு எப்படித் தெரியும்?

ரெபேக்கா: நம்ம சர்ச்சு டெய்சி சொன்னா.

நோயல்: டெய்சிக்கு அவன் கூட இன்னா பேச்சு?

ரெபேக்கா: அவ டீச்சரா கீற ஸ்கூல்ல தான் அவன் வேன் ஓட்டறான். யாரோ அந்த நியூஸைப் பாத்துட்டு, கடத்தல்காரன் வண்டியிலயா எங்க பொண்ணுங்களை அனுப்பறதுன்னு ஆபீஸ்ல வந்து நின்னுட்டாங்க.

நோயல்: ம்.

ரெபேக்கா: அப்பறம் தீர்ப்பைப் பாத்துட்டு அடங்கிட்டாங்க.

நோயல்: தீர்ப்பை யார் காட்டுனது?

ரெபேக்கா: யாரோ காட்டுனாங்க.

நோயல்: ரெபேக்கா.

ரெபேக்கா: நான் தான். டெய்சி கிட்ட நம்பர் வாங்கி ஆபீஸ்ல இருந்து எனக்குப் போன் பண்ணாங்க. "அந்தப் பொண்ணு நீங்க தானா"ன்னாங்க. ஆமான்னேன். தீர்ப்பை அனுப்பி வெச்சேன்.

நோயல்: என் கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

ரெபேக்கா: சொன்னா இந்த மூஞ்சியைப் பாக்கணும்னு தெரியும்.

நோயல்: அவன் கூடப் பேசினியா?

ரெபேக்கா: இல்ல. நான் அனுப்புனது அவனுக்குத் தெரியவே தெரியாது. எங்கப்பா சொன்ன பொய்யை அவன் சுமந்துகினு திரியறான். அதை எறக்கி வெக்கணும்னு பாத்தேன், அவ்ளோதான்.

நோயல்: வேன் விஷயம் எனக்கு முன்னாடியே தெரியும்.

ரெபேக்கா: எப்படி?

நோயல்: அவனும் எழுதிக் குடுத்தா சீக்கிரம் முடியும்னு வக்கீல் சொன்னாரு. நேத்து காலையில அவனைச் சாம்பியன் ரீப்ஸ் ரயில் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னேன்.

ரெபேக்கா: அடிச்சிக்கினீங்களா?

நோயல்: அடிச்சிருந்தா தேவல. தீர்ப்பை எடுக்கப் போறோம்னேன். "எடுத்தா எனக்கு வேன் வேலை போயிடும் சார்"னான். அப்பறம் அவனே, "பரவால்ல, அவங்களுக்குக் கஷ்டம்னா எடுத்துடுங்க. எங்க கையெழுத்து போடணும்"னான்.

ரெபேக்கா: தெரிஞ்சும் என்னை எழுதிக் குடுன்னு கேட்டீங்களா?

நோயல்: நீ இன்னா சொல்றன்னு பாக்கணும்னு இருந்துச்சு.

ரெபேக்கா: பாத்துட்டீங்க இல்ல... அவன் போட்டானா, கையெழுத்து?

நோயல்: பேனா கேட்டான். இல்லன்னு சொல்லிட்டு டிரெயின் ஏறிட்டேன்.

ரெபேக்கா: நெஜமாவே இல்லியா?

நோயல்: பாக்கெட்ல தான் இருந்துச்சு. எடுத்துக் குடுத்தா... உனக்காக என்னைக் காட்டியும் அவன் பெருசா ஒண்ணு குடுத்தவன் ஆயிடுவான் இல்ல.