கையில் வாங்கிய கனம்

பெயர் சங்கிலிமுத்து. தகப்பனார் பெயர் சுடலை. வயது இருபத்தொன்பது. இராமநாதபுரம் ஜில்லா, தாயில்பட்டி கீழத்தெருவில் குடியிருப்பு. முன்பு பட்டாசுக் கம்பெனியில் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றும் வேலை. தற்சமயம் ஆமத்தூர் கருப்பணனிடம் ஆளாக இருக்கிறேன். ஆள் என்றால் என்ன வேலை என்று எஸ்.ஐ. அவர்கள் கேட்டார்கள். அடிக்கச் சொன்னால் அடிப்பது. இதுவரை இரண்டு பேரை அடித்திருக்கிறேன், ஒருவருக்குக் கை ஒடிந்தது. கொலை செய்ததில்லை. இன்று 1958-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 19-ந் தேதி காலை பதினொரு மணிக்கு நானாகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்து, யாருடைய கட்டாயமும் இல்லாமல் சொல்வதாவது.

கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். பக்கத்து ஷெட்டில் தீப்பிடித்து என் மனைவி ராக்காயி இறந்த பிறகு வெடிமருந்து வாடையே எனக்கு ஆகவில்லை. வேலையை விட்டுவிட்டு, குடித்துச் சண்டை போட்டு உள்ளே கிடந்த என்னை ஜாமீனில் எடுத்தவர் கருப்பணன். தோட்டமும் பம்புசெட்டும் உள்ள பெரிய கை. அன்றைக்கு என்னை மனுஷனாக மதித்தவர் அவர் ஒருவர்தான், அதையும் சொல்ல வேண்டும்.

சென்ற பங்குனி மாதம் கிணற்றுப் பங்குத் தகராறில் கருப்பணனின் பங்காளி சங்கையா வெட்டுப்பட்டு இறந்தார். வெட்டியதாகக் கேஸ் கருப்பணன்மேல், அவர் ஜாமீனில் வெளியே இருக்கிறார். மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டு அந்த வழியாகப் போன ஊர்க்காவலன் என்பவன்தான் அதைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி. அவன் எம். புதுப்பட்டியில் இருக்கும் என் தங்கை இருளம்மாளின் புருஷன். வருகிற வியாழக்கிழமை கோர்ட்டில் கருப்பணனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டியவன். இந்த உறவு தெரிந்ததிலிருந்து கருப்பணனுக்கு என்மேல் சந்தேகம். பேசிக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பார்.

நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை பகலில் அவர் என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டு, சணல் சுற்றிய உருண்டை ஒன்றைக் கையில் கொடுத்து, "ஏலே சங்கிலி, எறிஞ்சா வெடிக்கிற குண்டுலே இது. ஒன் தங்கச்சி மாப்பிள்ளை கோர்ட்டுப் படி ஏறக்கூடாது. நீதான் செய்யணும். அப்பத்தான் நீ எங்க ஆளு" என்றார். வாங்கியதும் கை கனத்தது. மருந்து அம்மாதிரி கனக்காது. லேசாகச் சாய்த்தபோது உள்ளே ஏதோ நகர்ந்தது. வாடையும் இல்லை. உள்ளே இருப்பது மண், இது என்னைச் சோதிப்பதற்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாட்டேன் என்றால் மருந்து வைத்த குண்டோடு வேறு ஆள் போவான், ஊர்க்காவலன் செத்துப்போவான். எறிந்துவிட்டால் கருப்பணன் நம்பிவிடுவார், நிஜக் குண்டு என் கைக்கே வரும், அதைப் போலீசில் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அதன் பிறகு கருப்பணனின் இன்னொரு ஆளான மொக்கைச்சாமியும் நானும் ஒரே சைக்கிளில் புதுப்பட்டி போனோம். அவன் இடுப்பில் சூரிக்கத்தி இருந்தது, என்னை விட்டு ஓரடி விலகவில்லை. மாலை நான்கு மணி இருக்கும். ஊர்க்காவலன் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மாட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். இருளம்மாள் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அவர்களுடைய நான்கு வயதுப் பெண் செல்லக்கனி என்னைக் கண்டதும் "மாமா" என்று கத்தினாள். ஊர்க்காவலன், "வாங்க மச்சான், இம்புட்டு வெயில்லயா வந்தீக" என்று எழுந்தான். நான் எறிந்தேன். குண்டு கட்டில் காலில் பட்டு உருண்டது, வெடிக்கவில்லை. பிள்ளை அதைப் பந்து என்று எடுக்கப் போனாள். இருளம்மாள் பாய்ந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலறினாள். அவள் என்னைப் பார்த்த பார்வையைச் சொன்னேன், அதையெல்லாம் எழுத முடியாது என்று எஸ்.ஐ. அவர்கள் சொன்னதால் விட்டுவிடுகிறேன். மொக்கைச்சாமி என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

அதன் பிறகு கருப்பணன் என் தோளில் கை போட்டுச் சிரித்து, "மண்ணுலே அது. ஒன் மனசைப் பாத்தேன்" என்றார். இன்று காலை வேறொரு உருண்டையைக் கொடுத்து, "அவன் பயந்து வாயை மூடுவான்னு பாத்தேன். போலீசுக்குப் போயிட்டான். இது நெசம். வியாளக்கிளமைக்குள்ள முடிச்சிரு. இனிமே ஒனக்கு எதுக்குத் தொணை, தனியாவே போ" என்றார். இது கனக்கவில்லை. நடந்தே கொண்டுவந்து ஸ்டேஷன் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டேன்.

ஊர்க்காவலனும் இருளம்மாளும் தாங்கள் கொடுத்த புகார் விஷயமாக வந்து இங்கே உட்கார்ந்திருந்தார்கள். நான் சொன்னது எல்லாம் அவர்கள் காதில் விழுந்தது. ஊர்க்காவலன் ஏற்கெனவே ஒப்படைத்திருந்த குண்டை எஸ்.ஐ. அவர்கள் நனைத்து அறுத்துப் பார்த்தார்கள். செம்மண்தான். "ஒன் கை சொன்னது சரியாத்தாம்ப்பா இருக்கு" என்றார்கள். ஊர்க்காவலன், "எங்களைக் காப்பாத்தத்தான மச்சான் அப்படிச் செஞ்சிருக்காக" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது இருளம்மாள் எழுந்து, "அண்ணே, மண்ணுன்னு தெரிஞ்சுதான எறிஞ்சே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "பெறகு எதுக்கு எறிஞ்ச ஒடனே காதைப் பொத்திக்கிட்டுத் தரையில விளுந்தே?" என்றாள்.

அது உண்மை. விழுந்தேன். மேலே சொன்னபோது அதை விட்டுவிட்டேன். மொக்கைச்சாமி நம்புவதற்காக விழுந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள், சொல்ல முடியவில்லை. தீபாவளி சீசன் நெருக்கடியில் மண் கலந்து கனமாக வந்த மருந்தையும் நான் என் கையால் சுற்றியிருக்கிறேன். அதுவும் வெடித்திருக்கிறது. இது புதுப்பட்டி போகும் வழியிலேயே என் நினைவுக்கு வந்தது. வந்தும் எறிந்தேன். மண்ணாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். நிச்சயமாகத் தெரியாது. பிள்ளை அங்கே நின்றதும் தெரியும்.

எஸ்.ஐ. அவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுப்பா. மண்ணுன்னு தெரியும்னு சொன்னா நீ சாட்சி. தெரியாதுன்னு எளுதினா ஒம்மேலயும் கொலை முயற்சி கேசு, கருப்பணனோட சேந்து நீயும் உள்ள போவே" என்றார்கள். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். ஊர்க்காவலன், "வேண்டாம் மச்சான்" என்று என் கையைப் பிடித்தான். இருளம்மாள் அவன் கையை எடுத்துவிட்டு, "எளுதட்டும். சப்ஜெயிலுக்குச் சோறு நான் கொண்டாரேன்" என்றாள்.

மேலே கண்டவை, முதலில் மறைத்துப் பின்னால் சொன்னது உட்பட, என் வாயால் சொன்னவை. எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. எல்லாம் நிஜம்.

சங்கிலிமுத்து
இடது கைப் பெருவிரல் ரேகை