தொரசாணி தொளைச்ச கல்லு

இல்லண்ணே, அந்தக் கொக்காட்டம் நிக்கிற இரும்புச் சிலையெல்லாம் அன்னிக்கே பாத்துட்டேன். அந்தாண்ட வேப்பமரத்தடியில கருங்கல்லு ஒண்ணு நிக்குது பாருங்க, அதுகிட்ட மட்டும் ஒரு நிமிசம் வுடுங்க. நீங்க காவலுக்கு நிக்கிற சிப்பாயி, உங்கள மீறிப் போவல. ஆனா என்னால ஒரு எடத்துல நிக்க முடியலண்ணே.

ஊரு பாகூரு. பேரு தணிகைவேலு. நடந்துதான் வந்தேன், பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்குத் திரும்பணும்.

சீமையிலேருந்து சின்னஞ்சிறுசுங்க நாலு பேரு சிலை செய்ய வந்தாங்கல்ல, அதுல அந்தச் செம்பட்ட முடி தொரசாணி எங்கூரு ஏரிக்கரை பங்களாவுலதான் தங்குனாங்க. என் பொஞ்சாதி செங்கமலம் தெனம் மோர் கொண்டுபோயி ஊத்தும். அப்ப அது மாசமா இருந்திச்சு. தொரசாணி அத உக்காரவச்சு, பாத்துப் பாத்துக் கல்லுல செதுக்கினாங்க. எனக்கு இன்னா பெருமைங்கிறீங்க? எம் பொண்டாட்டிய கப்பல் ஏத்தி தேசம் தேசமாக் காட்டப்போறாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன்.

இந்தத் தோட்டத்துல சிலையெல்லாம் தொறந்து காட்டுன அன்னிக்கு மாமன் மச்சானெல்லாம் கூட்டியாந்தேன். பாத்தா, அந்தக் கருங்கல்லுதான் எம் பொண்டாட்டியாம். மூக்கில்ல, முழியில்ல. அது போனாப் போவுது. வயித்துல ஓட்டைண்ணே. இந்தாண்ட குனிஞ்சா அந்தாண்ட வேலி தெரியுது. மச்சான் தங்கவேலு அதுக்குள்ள கைய வுட்டு ஆட்டிச் சிரிக்கிறான். புள்ள இருக்கவேண்டிய எடத்துல காத்துல்ல போவுது. வூட்டுக்குப் போயி செங்கமலத்துகிட்ட சிலை ரொம்ப லட்சணம்னு சொல்லிட்டேன்.

கேக்காமயா? அவங்க பேச்ச நம்ம பேச்சுல சொல்ற துபாசிய வச்சு தொரசாணிகிட்டயே கேட்டேன். அந்த ஓட்டதான் அழகாம், வெளிச்சம் போயி வரட்டும்னு தொளைச்சாங்களாம். நல்ல பொண்ணு, அதும்மேல எனக்குக் கோவமில்ல. ஆனா மாசமா இருக்கிற வூட்டுல நாங்க செவுத்துல ஒரு ஆணி அடிக்க மாட்டோம், பூசணிக்காய வெட்ட மாட்டோம். நான் முடி வெட்டாம சாமியாராட்டம் திரியிறேன், பாருங்க. இம்மாங் காபந்தும் இன்னாத்துக்கு ஆச்சு? நீங்க சிரிக்கிறீங்க. கண்ணு பட்டிருந்தா உப்பு மொளகா சுத்திப்போட்டிருப்பேன். ஓட்டைக்கு இன்னாத்தச் சுத்துறது?

துண்டுலயா? உளி இல்லண்ணே, நான் ஒடைக்க வரல. அவுக்கிறேன், நீங்களே தொட்டுப் பாருங்க. எங்க ஏரிக் களிமண்ணு. காஞ்சிடக்கூடாதுன்னு வழியெல்லாம் தண்ணி தெளிச்சுக் கொண்டாந்தேன். அந்த ஓட்டையில வச்சு அமுத்திட்டுப் போயிடுறேன், கல்லுக்கு ஒண்ணும் ஆவாது.

செங்கமலத்துக்கு நேத்திலேருந்து வலிண்ணே. காலையில மருத்துவச்சி வெளிய வந்து, புள்ள அசையலன்னு சொல்லிட்டா. புள்ள அழுத சத்தம் மட்டும் கேட்டுடட்டும், நானே ஓடியாந்து அந்த மண்ணத் தொடச்சிவுட்டுர்றேன்.