செத்தவனின் பொட்டாசியம்

அண்ணி எழுதிய கட்டுரை ஒவ்வொன்றிலும் ஓயாமல் ஓட்டை தேடிய ஒப்பற்ற எதிரியும், இந்த விழாவின் தலைவருமான ஐயா அவர்களே! நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்தே மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்ட பேராசிரியப் பெருமக்களே! வலிக்காமல் ஊசி குத்தும் செவிலித் தாய்மார்களே! முன்வரிசையில் முறைத்துக்கொண்டிருக்கும் என் அண்ணனே! அத்தனை பேரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

இன்று ஓய்வு பெறும் என் அண்ணியைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி? உயிரணுவியல் தெரியுமா? தெரியாது. மருத்துவ உயிர்வேதியியல் தெரியுமா? சொல்லும்போதே நாக்கு சுளுக்குகிறது! என் ஒரே தகுதி, இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன்பு நான் செத்துப்போனதுதான். சிரிக்காதீர்கள், அச்சடித்த அறிக்கை இருக்கிறது.

அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தன. குடும்பமே கூடியிருந்தபோது, என்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்று வாயைவிட்டேன். சோதனை எல்லாவற்றிலும் தேறினேன். வாழ்நாளில் நான் தேறிய முதல் தேர்வு! கடைசியாக வந்தது ரத்தத்தின் பொட்டாசியம். மருத்துவர் அறிக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அறிக்கையைப் பார்த்தார்.

"இந்த அளவு இருந்தா ஆளே போயிருக்கணும். உங்க இதயம் ஒழுங்காத்தான் ஓடுது. ஆனா ரெண்டு தடவையும் இதே எண். காரணம் தெரியாம உங்க மேல கத்தி வைக்க மாட்டேன்."

வேறு யாருடைய சிறுநீரகமும் அண்ணனுக்குப் பொருந்தவில்லை. சோதனைக்கூடத்திலிருந்து அண்ணி ஓடி வந்தார்.

"தம்பி, நெஞ்சு படபடங்குதா?"

"பசிக்குது அண்ணி."

"வாழைப்பழம் தின்னியா?"

யாரங்கே, 'சீப்பு சீப்பாக' என்பது? இரண்டே பழம் ஐயா!

"ரெண்டு தடவையும் ரத்தத்தை எடுத்து எங்க வச்சாங்க?"

ரத்தம் எடுத்த கிளை நிலையத்து ஃப்ரிட்ஜில், மறுநாள் காலை வரை. அண்ணியின் முகம் மாறியது. செல்லுக்குள் பொட்டாசியம் ஏராளம், வெளியே கொஞ்சம். என் செல்கள் உடம்புக்குள் ஒழுங்காக இருந்துவிட்டு, குழாயில் குளிர் பட்டதும் ஒழுகுகின்றனவோ? எனக்கு ஓட்டை வாய் என்று ஊருக்கே தெரியும். என் செல்லும் ஓட்டையா என்பதுதான் கேள்வி!

"சோதிச்சுப் பாத்துடுங்களேன் அண்ணி."

"நான் அவரு பொண்டாட்டிடா. எனக்கு வேண்டிய பதில் எதுவோ, அதைத்தான் என் கண்ணு பாக்கும். என்னை நம்பாத ஆளு வேணும்."

அண்ணியை நம்பாத ஆளுக்கா பஞ்சம்? இதோ, தலைவர் ஐயா! இருவரும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"என்னம்மா, தப்பை ஒத்துக்க வந்தீங்களா?"

"இல்ல சார். தப்பிருந்தா கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு கேக்க வந்தேன்."

ஐயாவே என் கையில் ஊசி குத்தினார். ரத்தத்தில் பாதியை உடம்புச் சூட்டில் வைத்தார், மீதியைக் குளிரில் வைத்தார். அண்ணி அறைக்குள் கால் வைக்கவில்லை. நடைவழியில் நின்று கைப்பையின் வாரை முறுக்கினார், முறுக்கினார், அது அறுந்து கையோடு வரும்வரை முறுக்கினார். அடுத்த நாளும் நின்றார். மூன்றாம் நாள் மாலை ஐயா வெளியே வந்தார்.

"உங்க மேல தப்பு கிடைக்கும்னு மூணு தடவை செஞ்சேன். கிடைக்கல. குளிர்ல மட்டும்தான் ஏறுது. உடம்புக்குள்ள சரியாத்தான் இருக்கு, சிறுநீரகத்துல குறையில்ல. தம்பி தாராளமா குடுக்கலாம்னு கையெழுத்துப் போட்டுட்டேம்மா."

அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் அந்த ஓட்டையைத் தேடினார் அண்ணி. செல்லின் சுவரில் தேடினார், சுவரின் கதவில் தேடினார், கதவின் கீலிலும் தேடினார்! அதற்காக என் கை அறுபத்துநான்கு முறை நீண்டது. இன்று இந்த மருத்துவமனையின் ரத்தப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்: 'எத்தனை மணி நேரம், எவ்வளவு குளிரில்?' அந்தக் கட்டம் யார் போட்டது? அண்ணி போட்டது! அதனால் பிழைத்தவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கே தெரியாது! தெரிந்த ஒருவரைக் காட்டுகிறேன். அண்ணே, எழுந்து நில்லுங்கள்!

பாருங்கள் ஐயா, நீங்கள் மூன்று முறை செய்த சோதனையின் முடிவு முழு உயரத்தில் நிற்கிறது!

தன்னையே நம்பாத அண்ணிக்கு நன்றி. அண்ணியை நம்பாத ஐயாவுக்கு நன்றி. செத்தவன் இதற்கு மேல் பேசினால் பயந்துவிடுவீர்கள். எல்லோருக்கும் என் உயிருள்ள வணக்கம்!