பாதியில் விலகியவர்கள்

நாற்காலிகளை இப்படி எதிரும் புதிருமாகப் போட்டால் பேச்சு சண்டையில்தான் போய் நிற்கும், சார். கொஞ்சம் சாய்த்துப் போடுங்கள். இத்தனை வருஷமாகப் புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்துவைக்கிறவன் சொல்கிறேன்.

அது வயிற்றுப்பாட்டுக்கு. என் உயிர் ஆராய்ச்சியில் இருக்கிறது. தம்பதி சிகிச்சை பற்றி அச்சாகிற கட்டுரைகளை ஒன்றுவிடாமல் படித்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எழுதுவேன். ஒரு காலத்தில் எல்லோரும் தம்பதிகளைப் பேசப் பழக்குவது பற்றியே எழுதினார்கள். பிறகு சின்ன வயதுக் காயங்கள் வந்தன. எது வந்தாலும் ஒன்று மாறவில்லை. சேர்ந்த தம்பதிகளைப் பற்றி எழுதினால் அச்சேறும், பிரிந்தவர்களைப் பற்றி எழுதினால் போன வேகத்தில் திரும்பி வரும்.

நானே ஒரு சிகிச்சை முறை கண்டுபிடித்து, சில தம்பதிகளை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். நன்றாகவே போயிற்று. அந்தப் பெண்தான் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தாள்.

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். இருவரையும் சேர்த்துத்தான் பார்ப்பேன், ஒருமுறை மட்டும் தனித்தனியாக. அன்றைக்குச் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். தோள்வரை கன்றிப்போயிருந்தது.

“வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போனதும் பாப்பாவைக் கூட்டிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன் டாக்டர். திரும்ப மாட்டேன். உங்களை நம்பித்தான் சொல்றேன்.”

“நல்ல முடிவும்மா. தைரியமா இருங்க,” என்றேன். உள்ளுக்குள் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. சிகிச்சை நடக்கும்போது பிரிந்தால் அது என் தோல்வி. ஆனால் எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. சிகிச்சையே வேண்டாம் என்று பாதியில் விலகியவர்களை ஆராய்ச்சிக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. எல்லோரும் செய்கிறதுதான், யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆக, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அவர்கள் விலகியாக வேண்டும்.

அவள் விலக மாட்டாள். புருஷனுக்குச் சந்தேகம் வரக் கூடாதே. அதனால் வியாழன் சாயங்காலம் அவனுக்கு ஃபோன் செய்தேன்.

“உங்க மனைவி நாளைக்குப் பாப்பாவோட வீட்டை விட்டுக் கிளம்புறாங்க. என்கிட்டயே சொன்னாங்க.”

“நீயும் கூட்டா? இனிமே உன் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டோம்.”

“சிகிச்சையிலேர்ந்து விலகிக்கிறீங்கன்னு எடுத்துக்கலாமா?”

“எடுத்துக்கோ.”

பின்னால் அவள் குரல் கேட்டது. “யாருங்க ஃபோன்ல?”

அவன் அடிப்பான் என்று தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். அந்தக் கையைப் பார்த்தவன்தானே நான். கொன்றாலும் கொன்றுவிடுவான் என்றுகூடத் தோன்றியது. ஃபோனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். இதையெல்லாம் மறைக்கிற ஆள் இல்லை நான்.

பேப்பரில் அவள் படத்தைப் பார்த்தபோது பாவமாகத்தான் இருந்தது. நல்ல பெண். ஆனால் உங்கள் போலீஸ் அறிக்கையில், என்னிடம் சிகிச்சையில் இருந்தபோது இறந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைத் திருத்துங்கள். அவள் செத்தபோது என் சிகிச்சையில் இல்லை.

நீங்கள் என்னைக் கூட்டிவருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவளுடைய அக்கா பேசினார். நான் ஃபோன் செய்த விஷயம் அந்த அம்மாவுக்கு இன்னும் தெரியாது. எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்த குழந்தை, அன்றையிலிருந்து வாயே திறக்கவில்லையாம். “தங்கச்சி உங்களை அவ்வளவு உசத்தியா சொல்லுவா டாக்டர். பாப்பாவைக் கொஞ்சம் பாருங்களேன்,” என்று அழுதார்.

இப்போது எல்லோரும் குழந்தைகளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். திங்கட்கிழமை கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்துக்காவது என்னை விடுங்கள், சார். என்னை விட்டால் அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?